எந்தக் கதவை முதலில் தட்டுவது? வேலூர் மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகள், முதியோர், முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. குழந்தைக்கு இரண்டு வயதாகியும் நிற்க வரவில்லை. ராணுவத்தில் இருந்த கணவர் இறந்து மாதங்கள் ஓடியும் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்து சேரவில்லை. இப்படி ஏதாவது நேர்ந்த பிறகுதான் பெரும்பாலான குடும்பங்கள் முதன்முதலாக சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தின் படியேறுகின்றன. உதவிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு துறையில் இருப்பவருக்கு அடுத்த துறையில் என்ன கிடைக்கும் என்பது தெரிவதில்லை. எதை முதலில் வாங்க வேண்டும், எதை அதன் பிறகு கேட்க வேண்டும் என்ற வரிசை தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும். அந்த வரிசையைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேலூரை வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்த ஊர் அது. மறுபுறம், 1954-இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் பணியாற்றியதும் இங்கேதான். அவர் முயற்சியில் உருவான சி.எம்.சி. மறுவாழ்வு நிலையம் 1966 முதல் பாகாயத்தில் இயங்குகிறது. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் தங்கள் மாவட்டத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். மற்ற மாவட்டங்களிலும் இதே அலுவலகங்கள் இதே பெயரில் இருக்கின்றன. நடைமுறையும் பெரும்பாலும் ஒன்றே.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக் மூன்றையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் ‘கோவிந்தசாமி’, இன்னொன்றில் ‘கோவிந்தசாமி நாயுடு’, பிறந்த தேதி மூன்றிலும் மூன்று விதம் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மனு நிற்கும் இடங்களில் பாதி இதுதான். வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்திருக்கும். கருவிழிப் பதிவையும் புதுப்பித்து, ஆதாரில் கைபேசி எண்ணையும் சேர்த்துவிட்டால் பின்னால் தொல்லை இராது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து ஆதார் பதிவு செய்யும் ஏற்பாடும் உண்டு. தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

பிறகு ஒரு ஃபைல் போடுங்கள். மருத்துவமனைச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். எந்த அலுவலகத்திலும் மனுவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அல்லது மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்றுகொண்டு ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரிடம் அசல் சான்றிதழைக் கொடுக்கவே கூடாது. இந்த வேலைகளில் எதற்கும் தரகர் தேவையில்லை.

முதல் கதவு: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

குறைபாடு எதுவானாலும், எந்த வயதானாலும், முதலில் வாங்க வேண்டியது யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. மூன்று சக்கர வண்டி முதல் பஸ் சலுகை வரை மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

‘அவருக்கு வயதாகிவிட்டது, மாற்றுத்திறனாளி இல்லையே’ என்று பல வீடுகளில் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர், சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர், பார்வை பெருமளவு போனவர், பார்கின்சன் வந்தவர் எல்லாரும் மாற்றுத்திறனாளி என்ற சட்ட வரையறைக்குள் வருகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மனநோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோஃபீலியா, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து குணமானவர்கள், அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில் அடக்கம்.

விண்ணப்பம், இந்த அட்டைக்கென மத்திய அரசு நடத்தும் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில். கைபேசியில் செய்ய வராவிட்டால் இ-சேவை மையத்திலோ, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ பதிவு செய்துகொள்ளலாம். ஆதார் கட்டாயம். பதிவான பிறகு அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவின் முன் நேரில் போக வேண்டும். வேலூர்க்காரர்கள் பலருக்கு அது அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்தக் குறைபாட்டுக்கு எந்தக் கிழமை மருத்துவர் இருப்பார் என்பதைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். காது மருத்துவர் பார்க்கும் நாளில் எலும்பு மருத்துவரைத் தேடிப்போய்த் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது ஊர்களில் நடத்தும் சிறப்பு முகாம்களில் மருத்துவர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முகாமே மேல்.

மருத்துவரின் முன்னால் உட்காரும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் மருத்துவரைப் பார்த்ததும் ‘இப்போது பரவாயில்லை சார், நடக்கிறேன்’ என்பார்கள். கௌரவம்! வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடிக்காமல் நாலடி நடந்தும் காட்டுவார்கள். ஆனால் சதவீதம் அந்த நேரத்தில்தான் முடிவாகிறது. சட்டை பட்டன் போட முடிகிறதா, சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடிகிறதா, கழிப்பறைக்கு யார் துணை என்று வீட்டில் உள்ளபடி சொல்ல, தினமும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் உடன் போக வேண்டும். மிகைப்படுத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பக்கவாதம் வந்த உடனே போனால், சிகிச்சையில் எவ்வளவு மீள்கிறார் என்று பார்த்துவிட்டுச் சில மாதங்கள் கழித்து வரச் சொல்லலாம். அது நிராகரிப்பு அல்ல.

பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம் என்பதே வாசற்படி. அட்டையின் நிறமே அதைச் சொல்லிவிடும்: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். மதிப்பீடு தவறு என்று தோன்றினால் எழுத்து மூலம் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது.

அட்டை கைக்கு வந்ததும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், என்னென்ன உதவிக்குத் தகுதி இருக்கிறது என்று ஒரே தடவையாகக் கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, செயற்கைக் கால், இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர், சுயதொழில் கடன், கல்வி உதவித்தொகை என்று பட்டியல் நீளம். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும், மனவளர்ச்சி குன்றியோர், தசைச்சிதைவு, பார்கின்சன், தண்டுவட பாதிப்பு உள்ளோருக்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை இந்த அலுவலகம் வழியாக வருகிறது. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு, இது வேறு. எதற்குத் தகுதி என்று பார்த்து ஒன்றைக் கேளுங்கள்.

சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்குக் கட்டணம் இல்லை. வெளியூர் பஸ்ஸில் கால்பங்குக் கட்டணம்தான். ரயிலுக்கு, அதற்கென உள்ள சலுகைச் சான்றுப் படிவத்தில் அரசு மருத்துவரின் கையெழுத்து வாங்கி ரயில்வேயில் பதிய வேண்டும். மருத்துவக் குழுவைப் பார்க்கும் நாளிலேயே அந்தப் படிவத்தையும் கொண்டுபோனால் இன்னொரு நடை மிச்சம்.

குழந்தை என்றால் காத்திருக்க வேண்டாம்

‘அவன் மாமாவும் மூன்று வயதில்தான் பேசினான்’ என்று வீட்டில் சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனால் கேட்காதீர்கள். முதல் மூன்று வருடங்களில் தரும் பயிற்சிக்கு ஈடான மருந்து பிறகு கிடையாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. இயன்முறை, பேச்சுப் பயிற்சி, பார்வை, கேட்டல் பரிசோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ், இலவசம். சான்றிதழ் இல்லாமலே அங்கே போகலாம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கிறது. வயது தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ சேவை மையம் உங்கள் பக்கத்தில் திறந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பள்ளி வயதில் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிப்பதும் அவர்கள் பொறுப்பு.

பதினெட்டு வயதில் ஒரு முக்கியமான வேலை காத்திருக்கிறது. பெற்றோரில் பலருக்கு இது தெரியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர் பதினெட்டு முடிந்ததும் சட்டப்படி வயது வந்தவர் ஆகிவிடுகிறார். அதன் பிறகு அவர் சார்பில் கையெழுத்துப் போட அம்மா அப்பாவுக்கே தானாக உரிமை இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். ‘எங்களுக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வி இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வீடுகளில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். இதே நான்கு பிரிவினருக்கும் ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. சிறு தொகை கட்டினால் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. புறநோயாளிச் செலவும் பயிற்சிச் செலவும் அதில் சேரும்.

முதியோருக்கு

ஊரில் ‘ஓஏபி பணம்’ என்று சொல்லும் முதியோர் ஓய்வூதியம் 60 வயதான, ஆதரவற்றவர்களுக்கானது. 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் பதிந்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் போகும். வி.ஏ.ஓ. விசாரிக்க வரும்போது முதியவர் வீட்டில் இருக்க வேண்டும். மகன் இருக்கிறான் என்ற ஒரு வரியிலேயே மனு தள்ளுபடியாவது உண்டு. அவன் தனியாக இருக்கிறான், உதவுவதில்லை என்றால் அதை மனுவிலேயே எழுதுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதாமாதம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். இயன்முறைச் சிகிச்சையாளரும் வலி தணிப்புச் செவிலியரும் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். படுக்கைப்புண் உள்ளவருக்கு அந்தச் செவிலியரின் வருகை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது புண்ணைக் கழுவிப் பழகிய வீட்டாருக்குத் தெரியும். பெரிய பரிசோதனைகள் தேவைப்பட்டால், சென்னை கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலில் வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. கிளையில் எழுதிக் கேளுங்கள்.

அடுத்த விஷயம் பேசவே கசப்பானது. பிள்ளைகள் சோறு போடவில்லை, வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே தள்ளிவிட்டார்கள் என்றால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் கொடுக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம் என இரண்டு கோட்டங்கள். வெள்ளைத்தாளில் நீங்களே எழுதலாம், வக்கீல் வேண்டியதில்லை. எழுத முடியாதவருக்காக அவர் ஒப்புதலோடு வேறொருவரும் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட அந்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அடையப்போகும் உறவினர் மீதும் மனு செய்யலாம்.

பிரிவு 23 இன்னும் முக்கியம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க முடியும். ஆகவே, தானசெட்டில்மென்ட் எழுதப்போகும் பெரியவர்களே, ‘என் ஆயுள் வரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் தந்து பராமரிக்க வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது’ என்ற வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மகனை நம்பவில்லையா என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நல்ல மகனுக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

படையில் இருந்தவர்களும் அவர்கள் குடும்பமும்

லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல்வெட்டு இருக்கிறது. அவ்வளவு பழைய உறவு இது. இன்றைய குடும்பங்களின் முதல் கதவு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பழையவர்கள் ‘சோல்ஜர் போர்டு’ என்பார்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, ஆதார், படங்களோடு போய்ப் பதிந்து அடையாள அட்டை வாங்குவதுதான் தொடக்கம். ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவரும் பதிய வேண்டும். ஹவில்தார் நிலை வரையிலான, 65 வயது கடந்த, ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கும் கைம்பெண்களுக்கும் உள்ள வறுமை நிவாரண நிதி 2025 நவம்பர் முதல் மாதம் 8,000 ரூபாயாக இரட்டிப்பாகியிருக்கிறது. சொந்தத் தொழில் தொடங்க, தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் 30 சதவீத மூலதன மானியத்தோடு வங்கிக் கடன் கிடைக்கிறது. மருத்துவத்துக்கு, 2003-இல் தொடங்கிய, இ.சி.எச்.எஸ். எனப்படும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக். வெளி மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் பாலிகிளினிக்கின் பரிந்துரைச் சீட்டு முதலில். அவசரம் என்றால் மட்டும் நேரே போய்விட்டு உடனே தகவல் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மனைவியின் பெயர். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, மனைவி பெயர் எழுதிய பக்கத்தைப் பாருங்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் எங்கோ வடக்கே ஒரு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. படைப் பதிவேட்டில் ‘லட்சுமி’, ஆதாரில் ‘லெட்சுமியம்மாள்’, பிறந்த தேதி இடம் காலி. கணவர் இருக்கும் வரை இது ஒரு பொருட்டே அல்ல. அவர் கண்ணை மூடிய மறுமாதம், குடும்ப ஓய்வூதிய மனுவோடு நிற்கும் அந்த அம்மாவிடம், இவர்தான் அவர் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். துக்கத்தோடு ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் கைம்பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். கணவர் உயிரோடு இருக்கும்போதே நல அலுவலகம் வழியாக அவர் பணியாற்றிய ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் பெயரையும் பிறந்த தேதியையும் திருத்திவிடுங்கள். ஸ்பர்ஷ் எனப்படும் படை ஓய்வூதிய இணையதளக் கணக்கிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றே பாருங்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள படைவீரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். தானாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத பிள்ளைக்கு, விதிகளுக்கு உட்பட்டு, பெற்றோருக்குப் பிறகு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இ.சி.எச்.எஸ். சிகிச்சையும் வயது வரம்பின்றித் தொடரும். ஆனால் பிள்ளையின் பெயரும் குறைபாடும் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை அப்பா இருக்கும்போது அவரே செய்வது எளிது. பணியில் காயமடைந்தவருக்குப் படையின் மருத்துவக் குழு தந்த சதவீதம் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கானது. பஸ் சலுகைக்கும் ஸ்கூட்டருக்கும் அவரும் யு.டி.ஐ.டி. தனியாக வாங்க வேண்டும்.

ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க மறந்தால் ஓய்வூதியம் நின்றுவிடும். எண்பது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். நடக்க முடியாதவருக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து சிறு கட்டணத்தில் பதிந்து தருவார். முகத்தைக் கைபேசியில் படம்பிடித்தும் முடிக்கலாம்.

எங்காவது சிக்கிக்கொண்டால்

முதியோர் உதவிக்கு 14567, மன உளைச்சலுக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, அரசு அலுவலகப் புகாருக்கு 1100. எல்லாம் இலவச அழைப்புகள். இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

உங்கள் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினர் இருக்கிறாரா என்று கேளுங்கள். 2025-இல் திருத்திய சட்டப்படி உள்ளாட்சிகளில் அவர்களுக்கு இடம் உண்டு. இந்த வழிகளில் நடந்து பழகியவர்கள் அவர்கள்.

மனு நகராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் நாளுக்குப் போங்கள். முந்தைய மனுவின் எண், தேதி, எந்த மேசையில் நிற்கிறது என்ற விவரத்தோடு ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, தரைத்தளத்திலேயே மனு வாங்கும்படி கேட்கலாம். அதன் பிறகும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘என் மனு மீது இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன, இப்போது எந்த அலுவலரிடம் நிலுவையில் இருக்கிறது’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். பல மனுக்கள் அந்தப் பதில் வருவதற்கு முன்பே நகர்ந்துவிடுகின்றன.